எட்டாம் இலக்கத்துக்கு நான் போடாத கோடுகள்

ஐஸ் ரிங்கின் ஓரத்தில் நிற்கும் பெற்றோர்களில் சத்தம் போடாத ஆள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் கண்ணாடியில் தட்டுவார்கள், நடுவரைத் திட்டுவார்கள், தங்கள் பிள்ளையின் பெயரை நீட்டி நீட்டிக் கூப்பிடுவார்கள். நான் கோப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். பொறுமையால் அல்ல, கூச்சத்தால்தான். ஆங்கிலத்தில் கத்த எனக்கு வாய் வராது. தமிழில் கத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

என் மகளின் ஐஸ் ஹொக்கி அணிக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்மணிக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது. குளிர் தொடங்கிய ஒரு சனிக்கிழமை காலை அவர் என்னிடம் வந்து ஒரு கிளிப்போர்ட்டையும் பென்சிலையும் கையில் தந்தார். அந்தக் குளிரில் பேனை எழுதாது என்பது அவருக்குத் தெரியும்.

"நீங்கள் கத்துவதில்லை. அப்படியென்றால் ஆட்டத்தைப் பார்க்கிறீர்கள்," என்றார் ஆங்கிலத்தில். பிறகு தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னார். முடியாது என்பதற்கு நிறைய வசனங்கள் தேவை. ஓகே என்பதற்கு ஒரு சொல் போதும். நான் ஓகே என்றேன்.

அவருக்கு வேண்டியிருந்தது, எந்தப் பிள்ளை எவ்வளவு 'டஃப்' என்ற கணக்கு. கோல்களை எல்லோரும் எண்ணுகிறார்கள், அடி தாங்குகிறவளை ஒருவரும் எண்ணுவதில்லை என்றார். ரீவியில் ஆண்களின் ஆட்டத்தில் யார் எத்தனை பேரை இடித்தார் என்று இலக்கம் காட்டுவார்கள். பெண் பிள்ளைகளின் ஆட்டத்தில் உடம்பால் இடித்து விழுத்துவது குற்றம். ஆகவே அவர் தானே யோசித்து மூன்று நிரல்கள் கீறியிருந்தார். மூலையில், சுவரோடு ஒட்டி இரண்டு பேர் மல்லுக்கட்டும்போது அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, பக் என்பார்களே, அதை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறவளுக்கு ஒரு கோடு. எதிரணி அடித்த பக்கைத் தன் உடம்பால் மறித்தவளுக்கு ஒரு கோடு. விழுந்தவள் உடனே எழுந்து ஆட்டத்துக்குள் ஓடினால் அதற்கும் ஒரு கோடு. தாளில் பெயர்கள் இல்லை, சட்டை இலக்கங்கள் மட்டும். என் மகள் எட்டு.

வீட்டில் கணவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இஞ்சேரப்பா, உதென்ன?"

"பிள்ளையள் எவ்வளவு உறுதியெண்டு எண்ணுறது."

"உறுதியை எண்ணுறதோ? கிலோவிலயோ, மீற்றரிலயோ?"

அவருக்குப் பகிடி. எனக்கோ அது பிடித்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேலாக கனடாவில், மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் மருந்துப் போத்தல் மூடிகளைச் சோதிக்கிறேன். மூடிகள் பட்டியில் ஓடிவரும், வெடிப்பு இருப்பதைக் கண் பிடிக்கும், கை எடுத்து எறியும், பெருவிரல் எண்ணும் பொத்தானை அமத்தும். சந்தேகம் வந்தால் எறி என்பதுதான் எங்கள் இடத்துச் சட்டம். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, ஓடுகிற பொருளைக் கண்ணால் பிடித்து எண்ணுவது ஒன்றுதான் நன்றாகத் தெரிந்த வேலை. பிள்ளைகளும் ஓடுகிறார்கள்தானே என்று நினைத்தேன்.

ஆனால் மூடியில் வெடிப்பு இருக்கும் அல்லது இராது. பிள்ளைகள் அப்படியில்லை. முதல் இரண்டு ஆட்டங்களிலேயே எனக்குத் தலை சுற்றியது. இரண்டாம் இலக்கப் பிள்ளை விழவே மாட்டாள். பார்த்தால் உறுதி போலிருக்கும். கூர்ந்து பார்த்தபோது, அவள் மூலைப் பக்கமே போவதில்லை என்று கண்டேன். பதினேழு எல்லா மூலைக்கும் போய் எல்லா முறையும் விழுவாள். பதினொன்று ஒருநாள் கணுக்காலில் பக் பட்டு விழுந்து, எழும்ப நேரமெடுத்து, நொண்டிக்கொண்டு வெளியே போய் வாங்கில் இருந்தாள். பிறகு அழுத முகத்தோடு திரும்பவும் இறங்கினாள். உடனே எழவில்லை, ஆகவே கோடு இல்லை. அன்றைய ஆட்டத்தில் அவளைப் போல உறுதியான பிள்ளையை நான் பார்க்கவில்லை. அதைப் போட என் தாளில் இடம் இருக்கவில்லை. ஓரத்தில் தமிழில் எழுதி வைத்தேன்: 'பதினொன்று, அழுதுபோட்டு வந்தாள்.'

தாள்களைக் கணினியில் ஏற்றியவர் எங்கள் அணியின் கோல் காக்கும் பிள்ளையின் தகப்பன். தமிழ்நாட்டுக்காரர், யூனியன்வில்லில் இருக்கிறார், கணினி வேலை. கோல் காப்பவளுக்கு மூலையும் இல்லை மறிப்பும் இல்லை என்பதால் அவருடைய மகள் இந்தக் கணக்கிலேயே இல்லை. அதனாலேயே பயிற்சியாளர் அவரை நம்பிக் கொடுத்திருந்தார். ஞாயிறுகளில் அவர் தொலைபேசியில் அழைப்பார்.

"அக்கா, அந்த ஓரத்துல தமிழ்ல எழுதியிருக்கீங்களே, அதை எக்செல்ல எந்த காலம்ல போடறது?"

"அதை ஒண்டும் செய்யாதேங்கோ தம்பி. அது என்ரை ஞாபகத்துக்கு."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எக்செல்லுக்கு அழத் தெரியாதே அக்கா."

அவரிடம்தான் நான் ஒன்றைக் கற்றேன். கூட நேரம் விளையாடும் பிள்ளைக்குக் கோடும் கூட விழும், ஆகவே வெறும் கூட்டுத்தொகையைப் பார்க்கக்கூடாது. ஹொக்கியில் ஒரு பிள்ளை ஐஸில் இறங்கி ஒரு நிமிடத்துக்குள் களைத்து மாறிவிடுவாள். எத்தனை முறை இறங்கினாள் என்று எண்ணி, கோடுகளை அதனால் பிரிக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் ஆயிரம் மூடிக்கு எத்தனை பழுது என்று பார்ப்பது போலத்தான். அந்த ஞாயிறு முழுவதும் எனக்கு ஏனோ சந்தோசமாக இருந்தது.

இந்தக் கணக்கை வைத்துப் பயிற்சியாளர் என்ன செய்யப் போகிறார் என்பதை மகள்தான் சொன்னாள். ஹொக்கியில் ஒரு பிள்ளை குற்றம் செய்தால் இரண்டு நிமிடம் வெளியே இருத்திவிடுவார்கள். அந்த இரண்டு நிமிடமும் கோல் காப்பவளைத் தவிர எங்கள் பக்கம் நான்கு பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். அப்போது இறங்குகிறவர்கள் பக்குக்குக் குறுக்கே விழவேண்டும், மூலையில் விடாமல் பிடிக்கவேண்டும். சீசன் கடைசியில் வரும் பெரிய போட்டிகளுக்கு அந்த நான்கு பேரையும் இந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரிவு செய்யப் போகிறாராம்.

"எனக்கு அந்த நாலு பேரிலை ஒராளா வரவேணும் அம்மா," என்றாள். "கோல் அடிக்காட்டியும் பரவாயில்லை. ஐ ரியலி வோண்ட் இற்."

அன்று முதல் என் பென்சில் கனத்தது. என் பிள்ளைக்கு வேண்டியது என் கையில் இருக்கிறது. யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்று முன்னரைவிடக் கவனமாக எண்ணினேன்.

மாசி மாதம் பயிற்சியாளர் ஒரு வரைபடத்தை உடை மாற்றும் அறைச் சுவரில் ஒட்டினார். கோடு கூடிய பிள்ளை மேலே, குறைந்த பிள்ளை கீழே என்று இலக்கங்கள் வரிசையாக இருந்தன. பயிற்சி முடிந்து காரில் ஏறிய மகள் பையைப் பின்னால் எறிந்துவிட்டு, கண்ணாடியில் படிந்திருந்த ஆவியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் டஃப் இல்லையா? சொஃப்ற்றா?"

"என்னது?"

"சார்ட்டிலை எட்டுத்தான் லாஸ்ற். நீங்கள்தானே எண்ணினீங்கள்."

"நான் கண்டதைத்தான் பிள்ளை போட்டனான்."

"ஐ ஆம் நொட் மாட், கோவமில்லை. எனக்கு அறியவேணும், அவ்வளவுதான். நான் மூலைக்குப் போகேக்கை ஒவ்வொரு முறையும் பயமாத்தான் இருக்கும். போறனான், ஆனா பயம். வெளியிலையிருந்து பாக்க அது தெரியுதா?"

அவளுக்குப் பயம் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். என் கண்ணுக்கு அவள் எப்போதும் தலையைக் குனிந்துகொண்டு நேரே போகிற பிள்ளை. அப்படி நேரே போகிறவள் எப்படிக் கடைசியில் வந்தாள்? வீடு வந்து சேரும்வரை அந்தக் கேள்வியே ஓடியது. மூடி நல்லது என்று கண் சொல்கிறது, பொத்தான் பழுது என்று எண்ணுகிறது. தொழிற்சாலையில் அப்படி நடந்தால் இயந்திரத்தை நிறுத்திப் பார்ப்போம்.

நான் யாருக்கும் முதலில் தொலைபேசி எடுப்பதில்லை. அன்று எடுத்தேன்.

"தம்பி, நீங்கள் உங்கடை மகளுக்காக வீடியோ எடுக்கிறனீங்கள்தானே? அதிலை ஒருக்காப் பாக்கலாமோ?"

"ஞாயித்துக்கிழமை வாங்கக்கா. நானே கேக்கணும்னு இருந்தேன்," என்றார்.

கணவர்தான் காரில் கூட்டிப்போனார். யூனியன்வில்லில் அவர்கள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. கோல் காப்பவளின் தகப்பன் எனக்கு ஒரு வெற்றுத்தாள் தந்து, தானும் ஒன்று எடுத்தார். ஒரு ஆட்டம் முழுவதையும் இரண்டு பேரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எண்ணுவது என்று முடிவு. அவருடைய வீடியோ எங்கள் கோல் பக்கத்தை மட்டும்தான் காட்டும். ஆனால் இரண்டு மூலையும் அதற்குள் தெரியும்.

எண்ணி முடித்துத் தாள்களை அருகருகே வைத்தோம். பதினேழுக்கு இரண்டு பேரும் ஒரே அளவு. பதினொன்றுக்கு ஒரு கோடு வித்தியாசம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியே. எட்டுக்கு அவர் போட்டதில் பாதிதான் என் தாளில் இருந்தது.

"உங்களுக்குக் கண்ணு நல்லா இருக்கு அக்கா. மத்த எல்லாம் கரெக்ட். எட்டுல மட்டும் என்ன ஆச்சு?"

அவர் ஒரு இடத்தைத் திரும்ப ஓடவிட்டார். என் மகள் மூலைக்குள் போகிறாள். எதிரணிப் பிள்ளையும் வருகிறாள். இரண்டு பேரும் சுவரில் நெருங்குகிறார்கள். மற்றவள் விழ, எட்டு பக்கோடு வெளியே வருகிறாள்.

"இதுக்கு ஏன் போடலை?"

"அந்தப் பிள்ளை சறுக்கி விழுந்தது. இவ வெண்டதெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அவர் வீடியோவை இன்னொரு இடத்துக்கு ஓட்டினார். அதே மூலை, அதே சறுக்கல். பக்கோடு வெளியே வந்தது பதினேழு. என் தாளில் பதினேழுக்கு நேரே ஒரு கோடு இருந்தது, சற்று முன்னர் நானே போட்டது.

எனக்குக் காதெல்லாம் சூடாகியது. சோபாவில் இருந்த கணவர் விட்டுவிடுவாரா?

"தம்பி, உவவின்ரை விசயம் உங்களுக்குத் தெரியாது. கலியாண வீட்டிலை பந்தி பரிமாறினாலும் உப்பிடித்தான். எல்லாற்றை பிள்ளையளுக்கும் ரெண்டு வடை. எங்கடை பிள்ளையிட்டை வரேக்கை, வடை முடிஞ்சுதாம்."

"எங்க வீட்லயும் அதே கதைதான் அண்ணா. எங்கம்மா டீச்சர். அவங்க கிளாஸ்ல நான் எப்பவும் செகண்ட் ரேங்க்."

அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மனம் அந்தத் தாளிலேயே நின்றது. மற்றப் பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்தபோதெல்லாம், பாவம், யாரோ பெற்ற பிள்ளை என்று போட்டிருக்கிறேன். என் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தபோது மட்டும் தொழிற்சாலைச் சட்டம். சந்தேகம் வந்தால் எறி. நீதியாக நடப்பதாக நினைத்துக்கொண்டு அதைச் செய்திருக்கிறேன். ஒவ்வொரு கோடும் சின்னது. மூன்று மாதம் சேர்ந்து அது அவளைச் சுவரில் ஒட்டிய தாளின் அடிக்குக் கொண்டு போயிருக்கிறது. கள்ளக்கணக்கு எழுதுகிறவன் தன் பக்கம் கூட்டித்தானே எழுதுவான்? குறைத்து எழுதினாலும் அது பிழைக்கணக்குத்தான் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

"கோச்சிட்ட நான் சொல்லவா அக்கா?" என்று கேட்டார்.

"இல்லைத் தம்பி. பிழை விட்டது நான்."

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு முன்னால், அரீனாவில் ஸ்கேட் சப்பாத்துகளின் அலகைக் கூராக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பயிற்சியாளரைப் பிடித்தேன். இரவு முழுக்கப் பாடமாக்கிய ஆங்கில வசனங்கள் அந்த இயந்திரத்தின் சத்தத்தில் போய்விட்டன. இரண்டு தாள்களையும் நீட்டி, "என் மகளுக்கு நான் பிழையாக எண்ணிவிட்டேன்," என்று மட்டும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்துப் பரிவோடு சிரித்தார். "எனக்குத் தெரியும். கவலைப்படாதீர்கள், எல்லாப் பெற்றோரும் செய்வதுதான். நான் அதை ஏற்கெனவே கணக்கில் எடுத்துவிட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. எப்படிக் கணக்கில் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"சொந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் கூடத்தான் போடுவீர்கள். அதனால் வரைபடம் போடுவதற்கு முன் எட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டேன்."

நான் தாள்களை அவர் கையில் வைத்து, எட்டாம் இலக்கத்துக்கு நேரே விரலை வைத்தேன். "கூட இல்லை. குறைய," என்றேன்.

அவர் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "குறையவா?" என்றார். ஒரு தாய் தன் பிள்ளைக்கு ஏன் குறைத்துப் போடுவாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வடைக் கதையை எந்த ஆங்கிலத்தில் சொல்லியிருப்பேனோ தெரியாது. அவர் முகம் மெல்லச் சிவந்தது. நான் பாதியாக்கியதில் அவரும் ஒரு பங்கைக் கழித்திருக்கிறார். இரண்டு பேரும் நீதி செய்யத்தான் பார்த்தோம்.

அவர் அன்றே சுவரிலிருந்த வரைபடத்தைக் கழற்றினார். நான்கு பேரை அறிவிக்க இன்னும் மூன்று ஆட்டங்கள் இருந்தன. எட்டின் பழைய கணக்கை விட்டுவிடுவது, அந்த மூன்று ஆட்டங்களிலும் எட்டைக் கோல் காப்பவளின் தகப்பன் எண்ணுவது, மற்றவர்களை நான் எண்ணுவது என்று முடிவானது. மூன்று ஆட்டம் போதாது, ஒரு நல்ல நாளும் ஒரு கெட்ட நாளும் கணக்கை ஆட்டிவிடும் என்று அந்தத் தகப்பன் என்னிடம் சொன்னார். இருந்தது அவ்வளவுதான்.

அன்று காரில் மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள்.

"வெயிற். நீங்கள் வேணுமெண்டு குறைச்சுப் போட்டீங்களா?"

"வேணுமெண்டு இல்லைப் பிள்ளை. எனக்கே தெரியாமல்."

"தற் இஸ் சோ வியர்ட்," என்றாள். கொஞ்சத் தூரம் போனபிறகு, "அப்ப நான் சொஃப்ற் இல்லையா?" என்றாள்.

"அதை நான் சொல்லக்கூடாது. நான் சொன்னால் அது கணக்கில்லை."

அவள் சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு.

மூன்று ஆட்டங்களும் முடிந்து புது வரைபடம் வந்தது. எட்டு ஐந்தாவது. நான்கு பேரைத்தான் எடுப்பார்கள். பதினேழு, பதினொன்று, இன்னும் இரண்டு பேர். மகள் அதைப் படம் பிடித்து வந்து காட்டினாள். அழவில்லை. "ஃபிஃப்த் ஓகே அம்மா. இது உண்மையான ஃபிஃப்த்," என்றாள். நான் குசினிக்குப் போய் அவளுக்கு முட்டை பொரித்தேன். பழைய கணக்கைச் சரியாக வைத்திருந்தால் நான்காவதாக வந்திருப்பாளோ என்று யோசித்தேன். அதை இனி எண்ண முடியாது.

பெரிய போட்டியின் முதல் ஆட்டத்தில், கடைசிப் பகுதியில், நாங்கள் ஒரு கோலால் முன்னுக்கு நின்றபோது நடுவர் விசில் ஊதிக் கையைத் தூக்கினார். குற்றம் செய்தது பதினேழு. அவளை இரண்டு நிமிடம் வெளியே இருத்தினார்கள். இறங்கவேண்டிய நான்கு பேரில் ஒருத்தி அவள்தான். பயிற்சியாளர் வாங்கு ஓரமாக நடந்து என் மகளின் தோளில் தட்டினார்.

எட்டு இறங்கினாள். இப்போது எனக்குத் தெரியும், பயந்துகொண்டுதான் இறங்குகிறாள். அது வெளியே தெரிகிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்த்தேன். தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நேரே போனாள். எதிரணிப் பிள்ளை ஒருத்தி பக்கை எங்கள் மூலைக்குள் அடித்துவிட்டு அதன் பின்னால் வந்தாள். இரண்டு பேரும் கண்ணாடியில் மோதிய சத்தம் எங்கள் இருக்கைகள்வரை கேட்டது. மற்றவள் கால் சறுக்கி முழங்காலில் விழுந்தாள். எட்டு பக்கை இழுத்தெடுத்து, மறு அந்தம்வரை போகும்படி ஓங்கி அடித்தாள்.

பக்கத்தில் கோல் காப்பவளின் தகப்பனின் பென்சில் தாளுக்கு மேலே நின்றது. எட்டு இன்னமும் அவருடைய பொறுப்புத்தான். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, அந்தப் பொண்ணு சறுக்கிடுச்சே. போடலாமா?"

ஐஸில் பிள்ளைகள் மறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிடத்தில் இன்னும் பாதி இருந்தது.

"போடுங்கோ," என்றேன்.